பேச்சியம்மாள் வீட்டு வாசல் சிவப்பு

“துணியில சாயம் போனா குத்தம். தரையில போகாட்டியும் குத்தமா?”

எதிர்ப்பக்கம் வளையல் கடை வாசலில் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் இப்படிக் கேட்டது, கடைக்குள் ஜாக்கெட் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. மற்றவள் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “மெதுவாப் பேசுளா. அது யாரு வீட்டுச் செவப்புன்னே இன்னும் தெரியல” என்றாள்.

அன்றைக்கு, எங்கள் தெருவில் பேச்சியம்மாள் வீட்டு வாசலில் ஆரத்தி ஊற்றிப் பதினேழு நாள் ஆகியிருந்தது. இன்னும் காயவில்லை.

வைகாசி முகூர்த்தத்தில் பேச்சியம்மாளின் மகன் சுடலைமணி, குவைத்திலிருந்து முப்பது நாள் லீவில் வந்து, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண் அனுசுயாவைக் கட்டிக் கூட்டி வந்தான். வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்தது அவன் அக்கா கனி, பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துத் தட்டில் சிவப்பு எழும்பியதும் மூன்று முறை சுற்றி, இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்து, மிச்சத்தை வாசலுக்கு நேராகத் தரையில் ஊற்றினாள். வைகாசி வெயிலில் அரைமணி நேரத்தில் காய்ந்து மஞ்சள் பொருக்காக உதிர வேண்டிய அந்தத் தண்ணீர், வெற்றிலை அளவுக்குத் தொடங்கி, அன்று மாலைக்குள் முறம் அளவுக்குப் பரவி, அதோடு நின்று, அப்படியே ஈரமாக, அப்படியே சிவப்பாகக் கிடந்தது.

மூன்றாம் நாள் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் ஓடிப்போனது, சிவப்பு இருந்த இடத்தில் இருந்தது. ஆற்று மணலைக் கொட்டினார்கள், மணல் சிவந்தது, அதை அள்ளி எங்கே போடுவதென்று யாருக்கும் தெரியாமல் சாக்கில் கட்டி மின்கம்பத்தடியில் வைத்தார்கள், அந்தச் சாக்கைத் தொட யாரும் வரவில்லை. பேரூராட்சி ஆள் வந்து ப்ளீச்சிங் பவுடர் தூவினார், அது ரோஸ் நிறமாகி ஒரு மணி நேரத்தில் சிவப்புக்குள் இறங்கியது. “எங்க டிப்பார்ட்மெண்ட்ல இதுக்கு மருந்து இல்ல” என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவர் அதைச் சுற்றிப் போனார். மிதிக்கவில்லை.

எங்கள் தெருவில் காயாத ஆரத்தியைத் தாண்டக் கூடாது. யார் வைத்த வழக்கமோ, பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அதனால் பால்காரர் இரண்டு வீடு தள்ளியே மணியடித்தார், தபால்காரர் கடிதங்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார், அம்மன் சப்பரம் முதல் தடவையாக அடுத்த தெரு வழியே போனது, பள்ளிக்கூட வேன் முக்கிலேயே நின்றது. பேச்சியம்மாள் வீட்டார் பின்வாசல் வழியே தண்ணீருக்கும் கடைக்கும் போய்வந்தார்கள். தெரு பழகிக்கொண்டது. வெயில் ஏற ஏற அதன் நிறம் மாறுவதைப் பார்த்து நேரம் சொல்லவும் கற்றுக்கொண்டது. தக்காளியாக இருக்கையில் பால் காய்ச்சினார்கள், செங்கல் ஆனதும் உலையை இறக்கினார்கள், மாதுளையாகும்போது பிள்ளைகளைத் தேடினார்கள்.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் வழியில்லை. மறுவீட்டுக்கு. புதுப்பெண் பிறந்த வீட்டுக்கு மறுவீடு போகிறவள் வந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும், அப்போதுதான் அது திரும்பி வருவதற்கான போக்கு. பையோடு பின்வாசலைத் தாண்டுகிற பெண் திரும்புவதில்லை. எனக்குத் தெரிந்து இரண்டு பேரை அப்படி அனுப்பியிருக்கிறார்கள், இருவர் பெயரையும் தெருவில் இப்போது யாரும் சொல்வதில்லை. சுடலைமணி லீவு முடிந்து பின்வாசல் வழியாக விமானத்துக்குப் போனான். ஆண்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. அனுசுயா இருந்தாள். அவள் அப்பா போன் செய்து, “மாப்பிள்ளை வராட்டியும் பரவாயில்லீங்க, பொண்ண மட்டுமாவது அனுப்புங்க, அவ அம்மா தூங்கவே மாட்டேங்கிறா” என்று கேட்டபடி இருந்தார். பேச்சியம்மாள் ஒவ்வொரு தடவையும், “காயட்டும்” என்றாள்.

சந்தேகம் முதலில் அனுசுயாவின் மேல் விழுந்தது. அது சுலபமாக இருந்தது, வெளியூர்க்காரி. ஜாதகத்தை மறைத்திருப்பார்கள் என்றார்கள். வேறு யாருக்கோ நிச்சயமாகி நின்றுபோனவள் என்றார்கள். அவள் தலைக்குக் குளிக்கும் நாளில் நிறம் கூடுகிறது என்று ஒருத்தி சொல்ல, எதிர்வீட்டார் கொடியில் காயும் துணிகளைக் கணக்கெடுத்தார்கள். நானும் சந்தேகப்பட்டேன். நான்கு வீடு தள்ளித்தான் எங்கள் வீடு. தினமும் கடைக்குப் போகிற வழியில் எதிர் ஓரமாக ஒதுங்கி அந்த வாசலைக் கடக்கும்போது, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் நிற்கிறாளா, நின்றால் அதைப் பார்க்கிறாளா, பார்த்தால் முகம் மாறுகிறதா என்று தலையைக் குனிந்துகொண்டே கவனிப்பேன். அவள் பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு சந்தேகம் கனியின் மேல் போனது. ஊற்றியவள் அவள்தானே. கனி தெரு முனையில் நின்று, “மஞ்சளும் சுண்ணாம்பும் தவிர வேற எதையும் நான் போட்டிருந்தா என் கை அழுகட்டும்” என்று கத்தினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “சுண்ணாம்பு நான் வாங்கல. பக்கத்து வீட்டு வெத்தலப் பொட்டியில எடுத்தது” என்றாள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சந்தேகம் நுழைந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் சிவப்பை வெளியே வைக்கவில்லை. யார் வீட்டுச் சிவப்பு அந்தச் சிவப்போடு ஒத்துப்போகிறதோ அவர்கள்தான் காரணம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மாடியில் காய்ந்த மிளகாய் வற்றலைப் போர்வை போட்டு மூடினார்கள். கட்சிக்கொடி ஒரு ராத்திரியில் கம்பத்திலிருந்து இறங்கிவிட்டது. சிறுமிகளின் ரிப்பன் நீலமானது. செவ்வாய்க்கிழமை அம்மனுக்குச் சார்த்துகிற புடவையைப் பச்சையில் எடுத்தார்கள். பொட்டு வைக்காமல் இருக்க முடியாது, அதனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக வைத்தார்கள். கேஸ் சிலிண்டருக்குக்கூட ஒரு வீட்டில் பழைய பாவாடையைச் சுற்றியிருந்தார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் வாயைத் திறந்து சிரிக்கவில்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் முதலில் கண் கொடியைத்தான் தேடியது.

நான் வேலை செய்வது பீர்மைதீன் மாமாவின் மேட்சிங் சென்டரில். சேலையைக் கொண்டுவந்தால் அதற்கேற்ற ஜாக்கெட் துணியைத் தேடி எடுத்துக் கொடுப்பது வேலை. சிவப்பு மட்டும் நாற்பத்தொரு அடுக்கு. தக்காளி, மிளகாய்ப்பழம், செங்கல், குங்குமம், மாதுளை, செம்பருத்தி, ஈரல். அரக்கிலேயே ஐந்து. வளைகாப்புக்கு எடுக்கிறவர்கள் ஒன்றைக் கேட்பார்கள், சடங்குக்கு எடுக்கிறவர்கள் வேறொன்றைக் கேட்பார்கள், செவ்வாடைக்கு மாலை போடுகிறவர்களுக்கு மஞ்சள் கலக்காத சிவப்பு வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் சரியாகத் தெரிவது வீட்டுக்குப் போனதும் வேறாகிவிடும். அதனால் மாமா எந்தத் துணியையும் கடைக்குள் வைத்து முடிவு செய்ய விடமாட்டார். “வெளிய கொண்டு போயி வெயில்ல வச்சுப் பாரு பிள்ளே. காலையில பத்து மணி வெயிலுல பாத்துக் குடுத்த துணி ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல” என்பார். விளக்கு போட்ட பிறகு சிவப்பு கேட்டு வந்தால், நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிடுவார்.

அந்த மாதம் சிவப்பு விற்கவில்லை.

இருபத்தாறாம் நாள் தெருத் தலைவர் சங்கரபாண்டியன் ஒரு முடிவுக்கு வந்தார். வாசலில் கிடப்பது குங்குமச் சிவப்பா ரத்தச் சிவப்பா என்று பார்த்துவிடுவது. குங்குமமானால் அம்மன் காரியம், பெண் இருக்கட்டும். ரத்தமானால் அந்தப் பெண்ணைப் பின்வாசல் வழியாக அவள் வீட்டுக்கு அனுப்பிவிடுவது, அவள் போனால் அது காய்ந்துவிடும். சுடலைமணியிடம் போனில் கேட்டார்கள். “அம்மா சொல்லுத மாதிரி செய்ங்க” என்றான். பேச்சியம்மாளிடம் கேட்டார்கள். அவள், “தெரு சொல்லுத மாதிரி செய்ங்க” என்றாள். அனுசுயாவிடம் யாரும் கேட்கவில்லை. பார்த்துச் சொல்லக் கண் பழகியவர்கள் வேண்டுமே என்று, மறுநாள் சாயங்காலம் துணித் துண்டுகளோடு வரச்சொல்லி மாமாவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

அந்த மறுநாள் காலையில், நான் கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில், பேச்சியம்மாள் தனியாக வந்தாள். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். மாமா வங்கிக்குப் போயிருந்தார். அவள் ஸ்டூலில் உட்காரவில்லை.

“மேட்சிங் வேண்டாம்ளா” என்றாள். “இது என்ன செவப்புன்னு மட்டும் சொல்லு.”

பிரித்தேன். பட்டுச் சேலை. மடிப்பு மடிப்பாக விறைத்து, அந்து உருண்டை வாசத்தோடு, ஒரு தடவைக்கு மேல் உடுத்தாத சேலை. பழக்கத்தில் அதைக் கடைவாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். பிடித்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்தாறு நாளாக, தினமும் அதே நேரத்தில், அதே வெயிலில் நான் கடந்து வருகிற நிறம். மெழுகு அரக்கு இல்லை, புளி அரக்கு இல்லை, எங்கள் ஐந்து அரக்கிலும் இல்லை. ஈரம் காயாத மாதிரி ஒரு அரக்கு. திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறுவீட்டுக்கு உடுத்தணும்னு எங்கய்யா எடுத்துக் குடுத்தது” என்றாள். “ஒரு நாளு உடுத்திக்கிட்டு, பையோட நடுவீட்டுல உக்காந்திருந்தேன். என் மாமியா, நாளைக்கு அனுப்புதேன்னா. அப்புறம் நடவு முடியட்டும்னா. அப்புறம் கனி வயித்துல. எங்கய்யா செத்தாரு. அதுக்குப் பெறகு நான் கேக்குறத நிறுத்திட்டேன்.”

சேலையை என் கையிலிருந்து வாங்கி, பேப்பரில் சுற்றினாள்.

“நீ படிச்ச பிள்ள. வாயத் தொறக்காம இருப்ப” என்றாள். அது கெஞ்சலா மிரட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. போய்விட்டாள்.

சாயங்காலம் மாமா தொழுகைக்குக் கிளம்பும் நேரமாகிவிட்டது. நாற்பத்தொரு துண்டுகளையும் கட்டி என்னிடம் கொடுத்து, “குடுத்துட்டு வா. விளக்கு வெளிச்சத்துல மட்டும் ஒரு வார்த்த சொல்லிராத” என்றார். நான் போனபோது தெருவே கூடியிருந்தது. எல்லோரும் வெள்ளையிலும் நீலத்திலும் பச்சையிலும் நின்றார்கள். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது, அந்தப் பழைய மஞ்சள் சோடியம் விளக்கு. அதன் கீழே ரோஜாப்பூ கருகிய மாதிரி தெரியும், மஞ்சள் பூசிய முகம் வெளுத்த மாதிரி தெரியும்.

சங்கரபாண்டியன் கட்டைப் பிரிக்கச் சொன்னார். கனி என்னை முந்திக்கொண்டு துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சிவப்பின் ஓரத்தில் வைத்தாள். குங்குமம் பழுப்பாகத் தெரிந்தது. தக்காளி வெளிறித் தெரிந்தது. ஈரலை வைத்ததும் கூட்டம் ஒரே மூச்சாக, “அதான், அதான்” என்றது. அந்த வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றேதான், உறைந்த ரத்தம்.

“ஏட்டி, கடைக்காரப் பிள்ள, நீயே சொல்லு. ஒத்துப்போகுதா இல்லியா?” என்றாள் கனி.

எனக்கு நாலு பேர் முன்னால் குரல் வராது. காலேஜில் படித்தபோது வருகைப்பதிவுக்குக்கூட இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. எப்படியோ, “இந்த லைட்ல பாக்கக் கூடாது, காலையில பாக்கணும்” என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை.

“என்னவாம்?”

“காலையில வரணுமாம். கடை தொறந்ததும் டோக்கன் குடுப்பாவ போல.”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் சிரித்தார்கள். சங்கரபாண்டியன் கையை உயர்த்தினார். ரத்தம் என்று ஆகிவிட்டது, காலையில் பத்தரைக்குப் பின்சந்தில் ஆட்டோ நிற்கும், பெண்ணை ஏற்றிவிடுவது என்றார். ஜன்னலில் அனுசுயா நின்றிருந்தாள். அவள் நெற்றிக் குங்குமம் அந்த விளக்கில் கறுப்பாக இருந்தது. அவள் உள்ளே போனாள், பெட்டியின் பூட்டு விழுகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

மறுநாள் கடைக்குப் போகிற நேரத்துக்கு முன்பே நான் அந்த வாசலில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. வெயில் ஏறியதும் துணிக்கட்டை அவிழ்த்து, நேற்று வைத்த ஈரல் துண்டை அதே இடத்தில் வைத்தேன். சிவப்பு எங்கோ இருந்தது, துண்டு எங்கோ இருந்தது. பிள்ளைகள் முதலில் பார்த்தார்கள், பிறகு பெண்கள், பிறகு சங்கரபாண்டியன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். குங்குமத்தை வைத்தேன். ஒட்டவில்லை. ஒவ்வொன்றாக நாற்பத்தொன்றையும் வைத்தேன். குங்குமம் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் முடிந்துவிடும், அது நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் எல்லோரும் வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எதுவும் இல்ல” என்றேன். “ரத்தமும் இல்ல, குங்குமமும் இல்ல.”

“அப்ப இது எந்தச் செவப்பு?” என்றார் சங்கரபாண்டியன்.

நான் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

“தெரியும் இவளுக்கு” என்றாள் கனி. “முழிய பாருங்க. எங்கியோ பாத்திருக்கா. சொல்லுளா, யாரு வீட்டுல பாத்த? யாரு குடுத்து உன் வாய அடைச்சா?”

கூட்டம் என்னை நோக்கி ஓர் அடி வைத்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஓர் அடி விலகினார்கள். நான் தரையைத்தான் பார்த்தேன். ஆனால் ஒரு நொடி, ஒரே நொடி, என் கண் நிலைப்படிக்குள் நின்ற பேச்சியம்மாளிடம் போய்த் திரும்பிவிட்டது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். நான் சொல்லப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பின்சந்தில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அனுசுயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவீட்டைக் கடந்து அடுக்களைப் பக்கம் திரும்பினாள். “போயிட்டு வரேன் அத்தை” என்றாள், எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் பின்வாசலில் நின்று சொல்லாத வார்த்தை.

“நில்லு” என்றாள் பேச்சியம்மாள்.

“அம்மா, நல்ல நேரம் முடியப்போகுது” என்றாள் கனி வெளியிலிருந்து.

பேச்சியம்மாள் உள்ளே போய் மருமகள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். வாசலுக்கு வந்தாள். தெரு முழுக்க ஒதுங்கியது. சங்கரபாண்டியன், “மைனி, காயல, காயல” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, படியிறங்கி, வலது காலை எடுத்து அந்தச் சிவப்பின் நடுவில் வைத்தாள், பிறகு இடது காலை வைத்தாள், அதில் நின்றபடியே திரும்பி, பெட்டி இல்லாத கையை அனுசுயாவிடம் நீட்டினாள்.